போதைப் பரிசோதனை சென்னையில்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில், சாம்பிள் வாங்கும் மேஜையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். சர்க்கரை, தைராய்டு பார்க்க வருகிறவர்கள் சத்தமாகக் கேட்பார்கள். போதை டெஸ்ட் கேட்டு வருகிறவர்கள் மட்டும் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜை மேல் குனிந்து கேட்பார்கள். காலையில் ஹெச்ஆர் ஆட்களின் போன், விளக்கு வைத்த பிறகு அம்மாக்களின் போன். ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சார், போதை டெஸ்ட் எடுக்கணும். எங்க போகணும்?

யாருக்கு, எதற்கு என்பதைப் பொறுத்து போகிற இடம் மாறும். நீங்களே தெரிந்துகொள்ள, அல்லது வேலையில் சேரும்போது கேட்கிறார்கள் என்றால், பெரிய டயக்னாஸ்டிக் லேப் எதிலும் ‘யூரின் டிரக் பேனல்’ (சிறுநீரில் பல போதைப் பொருட்களை ஒன்றாகப் பார்க்கும் டெஸ்ட்) என்று கேளுங்கள். தெருமுனையில் இருக்கும் சின்ன லேப் சாம்பிளை வாங்கி வேறு லேபுக்கு அனுப்பிவைக்கும். அதில் தப்பில்லை, ஆனால் எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவர் குடியிலோ மாத்திரையிலோ மாட்டிக்கொண்டிருப்பது ஏற்கெனவே தெரியும் என்றால், லேபுக்கு அலைய வேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அடையாறு இந்திரா நகரில் 1980 முதல் இயங்கும் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை (டிடிகே ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்) இவையெல்லாம் அதற்கான இடங்கள். டெஸ்ட் தேவையா என்பதை அங்கே அவர்களே சொல்வார்கள்.

மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் துறையைச் சிலர் கேட்கிறார்கள். அது காவல்துறையும் நீதிமன்றமும் அனுப்பும் சாம்பிள்களுக்கானது. நாமாகப் போய்க் கொடுக்க முடியாது.

ஒரு டெஸ்ட் எடுத்தா எல்லா போதையும் தெரிஞ்சிடும்ல?

தெரியாது. பேனலில் எந்தெந்தப் பெயர் இருக்கிறதோ அவை மட்டும்தான் தெரியும். சாதாரண ஐந்து பேனலில் கஞ்சா, ஓபியம் வகை, கொக்கைன், ஆம்ஃபெட்டமைன் வகை, பிசிபி (ஃபென்சைக்ளிடின் என்ற போதைப் பொருள்) என்று இருக்கும். இது அமெரிக்காவில் வகுத்த பட்டியல். பிசிபி நம் ஊரில் புழங்கும் சரக்கே இல்லை. இங்கே அதிகம் கேட்கப்படும் தூக்க மாத்திரை வகைகள் வேண்டுமென்றால் பத்து அல்லது பன்னிரண்டு பேனல் எடுக்க வேண்டும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சென்னையில் ‘மாத்திரை போடுறான்’ என்றால் பெரும்பாலும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரையைத்தான் சொல்கிறார்கள். அது ஓபியம் குடும்பத்து மருந்துதான். ஆனாலும் ஓபியம் பார்க்கும் சாதாரண டெஸ்ட் பட்டையில் சிக்காது. டிராமடாலும் அப்படித்தான். தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தின்னர், பஞ்சர் ஒட்டும் பசை இவற்றை முகர்கிற பழக்கமும் பேனலில் வராது. அதனால் சந்தேகப்படும் பொருள் எதுவோ அதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். பொதுவாக ‘போதை டெஸ்ட்’ என்று எடுத்து, நெகட்டிவ் ரிப்போர்ட்டை வாங்கி நிம்மதியாகத் தூங்கிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாளுக்குள்ள எடுத்தா தெரியும்?

சிறுநீரில் ஓபியம் வகை இரண்டு மூன்று நாள், ஆம்ஃபெட்டமைன் வகையும் கொக்கைனும் இரண்டிலிருந்து நான்கு நாள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கஞ்சாதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஒரு தடவை இழுத்தவருக்கு மூன்று நாளில் போய்விடலாம். தினமும் இழுப்பவருக்கு ஒரு மாதம் வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். அது கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதுதான் காரணம்.

தூக்க மாத்திரையிலும் வித்தியாசம் உண்டு. சிலது மூன்று நாள், டயஸிபாம் மாதிரி நின்று வேலை செய்வது வாரக்கணக்கு. சாராயம் நேரடியாகத் தெரிவது மணிக்கணக்குதான்.

ரத்தமா, யூரினா, முடியா? எது கரெக்ட்டா இருக்கும்?

எல்லாமே சரிதான், ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லும். இந்த நிமிடம் போதையில் இருக்கிறாரா என்றால் மூச்சு அல்லது ரத்தம். போன சில நாளில் எடுத்தாரா என்றால் சிறுநீர். எச்சில் ஒரு நாள், இரண்டு நாள் வரை காட்டும். தலைமுடி சுமார் மூன்று மாதக் கதையைச் சொல்லும், ஆனால் போன வாரம் நடந்ததைச் சொல்லாது. முடி வளர்ந்து தோலுக்கு வெளியே வந்தால்தானே வெட்ட முடியும்.

சிறுநீரில் பாசிட்டிவ் வந்தால் அந்த ஆள் அப்போது போதையில் இருந்தார் என்று அர்த்தமில்லை. கம்பெனிக்காரர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் வழுக்குகிறார்கள்.

நல்ல லேபான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

என்ஏபிஎல் (லேப்களுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவ லேபுக்கு ஐஎஸ்ஓ 15189 தரத்தில் கொடுப்பார்கள், சான்றிதழ் எண் ‘எம்சி’ என்று தொடங்கும். ஆனால் வாசலில் முத்திரை ஒட்டியிருப்பது மட்டும் போதாது. அங்கீகாரம் டெஸ்ட் வாரியாகத்தான் கொடுக்கப்படுகிறது. சர்க்கரைக்கு வாங்கியிருப்பார்கள், போதை டெஸ்ட்டுக்கு வாங்கியிருக்க மாட்டார்கள். என்ஏபிஎல் இணையதளத்தில் லேப் பெயரைப் போட்டால் பட்டியல் முழுதும் வரும்.

அப்புறம் இரண்டே கேள்வி கேளுங்கள். ‘பாசிட்டிவ் வந்தால் உறுதி செய்யும் டெஸ்ட் செய்வீர்களா, எங்கே?’, ‘மிச்ச சாம்பிளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?’ கவுன்ட்டரில் இருப்பவர் முழித்தால் வேறு லேப் பாருங்கள்.

மருந்துக் கடையிலயே கிட் விக்கிறாங்க, ஆன்லைன்லயும் கிடைக்குது. அதுவே போதாதா?

முதல் பார்வைக்குப் போதும். ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு அம்மா கைப்பையில் டிஷ்யூ காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆறு பட்டை உள்ள கார்டு. ‘எல்லாத்துலயும் ரெண்டு கோடு வந்திருக்கு தம்பி, எல்லாத்தையும் போட்டிருக்கான்’ என்று அழுகை. கர்ப்பம் பார்க்கும் கார்டில் இரண்டு கோடு என்றால் பாசிட்டிவ். போதைக் கிட் அதற்கு நேர் எதிர். ‘சி’ கோடும் ‘டி’ கோடும் இரண்டும் வந்தால் நெகட்டிவ். ‘சி’ மட்டும் வந்து ‘டி’ வராவிட்டால்தான் பாசிட்டிவ். ‘டி’ கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது நெகட்டிவ்தான். ‘சி’ கோடே வரவில்லை என்றால் கிட் கெட்டுப்போனது, தூக்கிப் போடுங்கள். அந்தப் பையன் எதையும் போடவில்லை. அந்த அம்மாவுக்கு இதைப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது.

காலாவதித் தேதி பாருங்கள். கவரில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் பாருங்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் கோடுகள் மாறியிருக்கலாம்.

நான் சத்தியமா தொட்டதே இல்லை. பாசிட்டிவ்னு வந்திருக்கு. எப்படி?

நடக்கும். முதலில் செய்வது ஸ்கிரீனிங். அது ஒரு பொருளின் சாயலைத்தான் பிடிக்கும், அதே சாயல் உள்ள வேறு மருந்தையும் பிடித்துவிடும். ஜலதோஷ மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ஆம்ஃபெட்டமைன் மாதிரி தெரியலாம். ஆஃப்லாக்சசின், லீவோஃப்லாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சில கிட்களில் ஓபியம் மாதிரி தெரியலாம். கோடீன் கலந்த இருமல் சிரப் குடித்திருந்தால் அது சாயல் இல்லை, நிஜமாகவே ஓபியம் வகைதான். உடம்புக்குள் போய் ஒரு பகுதி மார்ஃபினாகவே மாறும்.

அதனால் ஸ்கிரீனிங் பாசிட்டிவை முடிவாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அதே சாம்பிளை ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் கருவியில் போட்டு உறுதி செய்ய வேண்டும். அது சாயலைப் பார்க்காது, அந்தப் பொருளையே பெயர் சொல்லிக் காட்டும். சாம்பிள் கொடுக்கும்போதே, போன இரண்டு வாரத்தில் சாப்பிட்ட மருந்தையெல்லாம், சித்த மருந்து, லேகியம் உட்பட, எழுதிக் கொடுத்துவிடுங்கள். சில பாரம்பரிய மருந்துகளில் கஞ்சா இலை சேர்ப்பதுண்டு. முடிவு வந்த பிறகு ‘அப்பவே மாத்திரை சாப்பிட்டேன்’ என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கசகசா போட்ட குருமா சாப்பிட்டா பாசிட்டிவ் வருமாமே? கதைதானே?

கதை இல்லை. கசகசா விளைவதே ஓபியம் எடுக்கிற அதே செடியில்தான். விதையின் மேல் ஒட்டியிருக்கும் பாலில் கொஞ்சம் மார்ஃபின் இருக்கும். போதை ஏறாது, ஆனால் சிறுநீரில் தெரியலாம். அமெரிக்காவில் ஓபியம் வகைக்கு ஒரு மில்லி சிறுநீரில் 300 நானோகிராம் என்று வைத்திருந்த எல்லையை 1998இல் 2000ஆக உயர்த்தினார்கள். கசகசாவும் அதற்கு ஒரு காரணம். நம் ஊர் கடையில் கிடைக்கும் கிட் பலவும் இன்னும் 300இல்தான் நிற்கிறது.

கல்யாண வீட்டில் ஒரு கை குருமா தொட்டுக்கொண்டதற்கு இவ்வளவு பயம் வேண்டாம். கசகசாப் பாயசம் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மறுநாள் காலை டெஸ்ட்டுக்கு வருவதுதான் வம்பு. டெஸ்ட் இருக்கிறது என்று தெரிந்தால் மூன்று நாள் விட்டுவிடுங்கள். துபாய்க்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியிலிருந்தும் கசகசாப் பொட்டலத்தை எடுத்துவிடுங்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

ஊதுற மெஷினை நம்பலாமா?

ஃபியூயல் செல் சென்சார் உள்ளதை, முறையாக அளவு சரிபார்த்து வைத்திருந்தால், நம்பலாம். சாவிக்கொத்தில் தொங்கவிடும் மலிவு மெஷினை நம்பாதீர்கள். கடைசியாக எப்போது கேலிபரேட் செய்தார்கள் என்ற தேதிதான் முக்கியம். கருவித் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு தடவை, செய்ய வேண்டும்.

கருவி நன்றாக இருந்தாலும் ஊதவைக்கும் முறை தப்பாக இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டில் போயிருந்தேன். வாசலில் எல்லோரும் சானிடைசரைக் கையில் தேய்த்துக்கொண்டு வரிசையாக ஊத வேண்டும். ஒரு ஓட்டுநருக்கு எண் ஏறியது. செக்யூரிட்டி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டு அவரைத் தனியாக நிறுத்தினார். அவரோ ஈரக் கையைக் குவித்துக் குழாயைப் பிடித்திருந்தார். கை கழுவி, வாய் கொப்பளித்து, பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னேன். சைபர். அதற்குள் அந்த மனிதர் அரை ஷிப்ட் ஆட்களின் வாயில் விழுந்து எழுந்துவிட்டார்.

மவுத்வாஷ், தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்கள் (புளிக்கவைத்துச் செய்வதால் அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு) வாயில் தங்கியிருந்தாலும் இப்படி ஆகும். முதல் எண் வந்தால் பதினைந்து நிமிடம் கழித்து இரண்டாவது தடவை ஊதவைக்காமல் எதையும் எழுதக் கூடாது.

நேத்து ராத்திரி குடிச்சேன். காலைல வண்டி எடுக்கலாமா?

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு, 100 மில்லி ரத்தத்தில் சுமார் 15 மில்லிகிராம் ஆல்கஹாலைக் கரைக்கும். நள்ளிரவு 12 மணிக்கு 150 மில்லிகிராம் இருந்தால், காலை 7 மணிக்கு இன்னும் 45 மீதி இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவின் எல்லை 30. நன்றாகத் தூங்கி, குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்தவரும் கோயம்பேடு சிக்னலில் மாட்டலாம். எலுமிச்சைச் சாறு, மோர், கறுப்புக் காபி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

போலீஸ் ஊதச் சொன்னா மாட்டேன்னு சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் உதவாது. தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் அதையே உங்களுக்கு எதிரான சாட்சியமாகக் காட்டலாம் என்று சட்டத்தின் 205ஆவது பிரிவு சொல்கிறது. முதல் தடவை மாட்டினால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமே கூட வரலாம். இரண்டாவது தடவை 15,000 ரூபாய், இரண்டு வருடம் வரை. 185ஆவது பிரிவில் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும். எண் தப்பு என்று தோன்றினால் வாய்ச்சண்டை போடாமல், ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது, துடைப்பதே ஆல்கஹால்தானே. ஆல்கஹால் இல்லாத வேறு கிருமிநாசினி போட வேண்டும். ரத்தம் சாம்பல் மூடி போட்ட டியூபில் போக வேண்டும். அதில் இருக்கும் சோடியம் ஃப்ளூரைடு ரத்தம் புளித்துப் புதிதாக ஆல்கஹால் உண்டாகாமல் தடுக்கும்.

பையனுக்குத் தெரியாம யூரின் எடுத்துட்டு வந்தா டெஸ்ட் பண்ணித் தருவீங்களா?

மாட்டோம். பாட்டிலில் இருப்பது அவனுடையதுதான் என்று எங்களுக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பதினெட்டு வயது ஆனவனுக்கு அவன் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது. சின்னப் பையன் என்றால் பெற்றோர் கையெழுத்துப் போதும். இருந்தாலும் அவனிடம் சொல்லிக் கூட்டிவருவதுதான் நல்லது. குளியலறையில் திருட்டுத்தனமாகப் பிடித்ததன் ரிப்போர்ட்டை அவன் முன்னால் எப்படி நீட்டுவீர்கள்? கஞ்சா பிரச்சினையோடு ‘என்னை வேவு பார்த்தீங்கல்ல’ என்ற சண்டையும் சேர்ந்துகொள்ளும்.

என்னைக் கேட்டால், ரிப்போர்ட் வந்தால் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை வீட்டில் இரண்டு பேரும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். பாசிட்டிவ் வந்தால் அடிக்கப்போகிறீர்கள் என்றால் டெஸ்ட்டே வேண்டாம். டாக்டரிடம் போவோம் என்றால் அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பாதிப் பையன்கள் டெஸ்ட்டுக்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிடுவார்கள்.

ஸ்கூல்ல கூல் லிப்புன்னு ஒண்ணு வாயில வெச்சுக்கிறாங்களாம். அது இதுல தெரியுமா?

தெரியாது. அது புகையிலை. போதை பேனலில் நிகோடின் இல்லை. கோட்டினைன் என்று தனி டெஸ்ட் இருக்கிறது, சிறுநீரிலேயே பார்க்கலாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தாலும் கொஞ்சம் தெரியலாம் என்பதால் எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

என் வீட்டுக்காரர் தினமும் குடிச்சிட்டு வந்து அடிக்கிறார். கோர்ட்ல காட்ட ரிப்போர்ட் வேணும்.

அவர் சம்மதிக்காமல் எங்களால் எடுக்க முடியாது. அப்படி எடுத்தாலும், மேலே சொன்ன மாதிரி, யாருடைய சாம்பிள் என்ற கேள்விக்கே நிற்காது. உங்கள் வக்கீல் மூலமாக நீதிமன்றத்தில் கேட்கலாம். குடும்ப வழக்குகளில் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2003இல் சொல்லியிருக்கிறது. உத்தரவிட்ட பிறகும் மறுத்தால் அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரை ஆகிற வேலை ஒன்று உண்டு. அடி விழுந்த நாளில் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள். 181 பெண்கள் உதவி எண். அவர் குடித்தாரா என்ற ரிப்போர்ட்டை விட, உங்களுக்கு அடிபட்டது என்ற ரிப்போர்ட்தான் கையில் இருக்க வேண்டியது.

குடியை விட்டுட்டேன்னு சொல்றார். உண்மையான்னு பார்க்க முடியுமா?

முடியும். சிறுநீரில் இடிஜி என்று ஒரு டெஸ்ட், குடித்த பிறகு மூன்று நாள் வரை காட்டும். ரத்தத்தில் பெத் என்று ஒன்று, இரண்டு மூன்று வாரத்துக் கதை சொல்லும். சிடிடி தொடர்ந்து அதிகம் குடிப்பவரைக் காட்டும். எல்லா லேபிலும் கிடைக்காது, கேட்டுவிட்டுப் போங்கள். ஜிஜிடி எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் கொழுப்புக் கல்லீரல் இருந்தாலும் ஏறும், அதை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

எங்க கம்பெனில எல்லாருக்கும் டெஸ்ட் வைக்கணும். சட்டத்துல இடம் இருக்கா?

எல்லாத் தனியார் கம்பெனிக்கும் பொதுவாக ‘செய்’ என்றோ ‘செய்யாதே’ என்றோ ஒரு சட்டம் இல்லை. விமானத்துறை தனி: விமானிகளும் பணியாளர்களும் மூச்சுப் பரிசோதனையில் சைபர் காட்ட வேண்டும், 2022 முதல் போதைப் பொருளுக்கும் திடீர்ப் பரிசோதனை உண்டு. கப்பல் மாலுமிகளுக்குச் சர்வதேச விதிப்படி ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் எல்லை, பல கப்பல் நிறுவனங்கள் அதைவிடக் கடுமையாக வைத்திருக்கின்றன. மற்றவர்கள் எழுத்தில் ஒரு கொள்கை வைத்து, நியமனக் கடிதத்திலேயே சொல்லி, தமிழில் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும்.

தனிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ‘எங்க கம்பெனி, எங்க இஷ்டம்’ என்பது அவ்வளவு சுலபமாக எடுபடாது. ஃபோர்க்லிஃப்ட், கிரேன், பாய்லர், பள்ளி வேன் ஓட்டுகிறவர்களுக்கு டெஸ்ட் ஏன் என்று விளக்க வேண்டியதே இல்லை. ஓஎம்ஆரில் கணினி முன் உட்காருகிறவருக்கு ஏன் என்று நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். அப்புறம் ஒன்று: கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மட்டும் டெஸ்ட், மேனேஜருக்குக் கிடையாது என்று வைக்காதீர்கள். அப்படி வைத்த இடத்தில் சாம்பிள் எடுக்கப் போய், என்னையும் சேர்த்துத் திட்டி அனுப்பினார்கள். அவர்கள் திட்டியது நியாயம்தான்.

நீங்களே கம்பெனிக்கு வந்து எடுப்பீங்களா? நாங்க என்ன ரெடி பண்ணணும்?

பெரிய லேப்களும், தொழிற்சாலை மருத்துவ சேவை நடத்துகிறவர்களும் வருவார்கள். உங்களிடம் வேண்டியது ஒரு தனி அறையும் ஒரே ஒரு கழிவறையும்தான். குழாயை மூடிவிடுவோம், கழிவறைக் கோப்பைத் தண்ணீரில் நீலச் சாயம் போடுவோம், பையும் சட்டைப்பையில் இருப்பதும் வெளியே. டப்பாவில் ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டையை நான்கு நிமிடத்துக்குள் பார்ப்போம், 32இலிருந்து 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிறகு சாம்பிள் கொடுத்தவர் கண் முன்னாலேயே இரண்டு டப்பாவாகப் பிரித்து, சீல் ஒட்டி, சீல் மேல் அவர் கையெழுத்து. ஒரு டப்பா டெஸ்ட்டுக்கு, இன்னொன்று முடிவை அவர் மறுத்தால் திரும்பப் பார்க்க. யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு தாள் கூடவே போகும்.

நேரமில்லை, டப்பாவை வரிசையாக வைத்துவிட்டுப் போங்கள், நாங்களே வாங்கி வைக்கிறோம் என்று சில ஹெச்ஆர் சொல்வார்கள். அந்த ரிப்போர்ட் விசாரணையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

தண்ணி நிறைய குடிச்சிட்டு வந்தா தப்பிச்சிடலாமாமே?

கிரியாட்டினினும் அடர்த்தியும் கூடவே பார்க்கிறோம். கிரியாட்டினின் 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ‘நீர்த்த சாம்பிள்’ என்று எழுதி மறுபடி வரச் சொல்வோம். நண்பனுடையதைப் பாக்கெட்டில் கொண்டுவருகிறவர்களை மேலே சொன்ன வெப்பப் பட்டை காட்டிக்கொடுக்கும்.

பாசிட்டிவ் வந்தா உடனே வேலையை விட்டுத் தூக்கலாமா?

முடியாது. முதலில் உறுதி செய்யும் டெஸ்ட். பிறகு அவர் சாப்பிடும் மருந்தை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும், வேலை நேரத்தில் குடிபோதை ஒழுங்கீனம் என்று நிலையாணையில் (கம்பெனியின் எழுத்து வேலை விதிகளில்) இருந்தாலும், குற்றச்சாட்டுக் கடிதம், விளக்கம், உள்விசாரணை என்ற வரிசையில்தான் போக வேண்டும். வெறும் வாடையும் தள்ளாட்டமும் குடித்திருந்ததை நிரூபிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே சொன்னது. ‘வாயில வாடை வந்துச்சு’ என்று சூப்பர்வைசர் எழுதிய தாளை மட்டும் நம்பாதீர்கள். சந்தேகம் வந்த நாளில் கிரேனிலிருந்து இறக்கிவிட்டு வேறு வேலை கொடுக்கலாம், வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்பலாம். அவரையே பைக்கில் அனுப்பிவைக்காதீர்கள்.

ரிப்போர்ட் யாருக்கெல்லாம் போகும்? போலீசுக்குச் சொல்லிடுவீங்களா?

நீங்களாக வந்து எடுத்தால் உங்களுக்கு மட்டும். நாங்கள் போலீசுக்கு அனுப்புவதில்லை. விபத்து வழக்கோடு மருத்துவமனைக்கு வந்தவர் கதை வேறு. கம்பெனி அனுப்பியிருந்தால், நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் போகும். ஹெச்ஆர் வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப் போடச் சொன்னால் நாங்கள் போடுவதில்லை.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவில் உட்கொள்வதே குற்றம்தான். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டியவர் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாகச் சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போகலாம். இது பலருக்குத் தெரியாததால்தான் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

எவ்வளவு ஆகும்?

லேபுக்கு லேப் மாறும். உறுதி செய்யும் டெஸ்ட் ஸ்கிரீனிங்கை விடப் பல மடங்கு விலை, நாளும் கூட ஆகும். விலை கேட்கும்போது பாசிட்டிவ் வந்தால் அது இதிலேயே அடங்குமா என்று சேர்த்துக் கேளுங்கள். சிரிக்கவைக்கிற அளவுக்கு மலிவாகச் சொன்னால் அதே கடைக் கிட்டைத்தான் உங்கள் முன்னால் பிரிக்கப்போகிறார்கள்.

பாசிட்டிவ் உறுதியாயிடுச்சு. இப்ப என்ன பண்றது?

14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 மனநல ஆலோசனை, தமிழிலும் பேசலாம். முதல் பதிலில் சொன்ன மருத்துவமனைகளுக்குப் போகலாம். தனியார் மறுவாழ்வு மையம் என்றால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். டாக்டர் எந்தெந்த நாளில் வருவார், உறவினர் வந்து பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். ராத்திரி வண்டியில் நான்கு பேர் வந்து தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: வருடக்கணக்கில் தினமும் குடித்தவரை ரிப்போர்ட் பார்த்த கோபத்தில் அறையில் பூட்டி, இன்றிலிருந்து ஒரு சொட்டு கிடையாது என்று நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, வலிப்பு வரலாம், உயிரே போகலாம். நிறுத்துவதும் ஆஸ்பத்திரியில், மருந்தோடுதான் நடக்க வேண்டும். கை நடுக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.